‘இ’ சுழியும் கட்டர் கத்தியும்

‘இ’ வந்ததும், ஸ்டிக்கரில் எழுத்து வெட்டும் கட்டர் இயந்திரத்தின் கத்தி திக்கித் திக்கி ஓடியது. அந்தச் சத்தமே சொல்லிவிடும், கோப்பு சரியில்லை என்று.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றுக்கான பெயர்ப்பலகை. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை மென்பொருள் தானாக டிரேஸ் செய்து, வெட்டும் கோடுகளாக மாற்றியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சுழி முழுக்க எறும்பு மொய்த்ததுபோல் நோடுகள், அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள்.

ஒரு சுழிக்கு அத்தனை எதற்கு? வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி. அங்கே மட்டும் நோடு இருந்தால் போதும். நோடிலிருந்து நீளும், கோட்டை வளைக்கும் கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இழுத்துவிட்டால் கோடு வழுக்கிக்கொண்டு போகும்.

நோடையும் கைப்பிடியையும் வைத்து வளைவு வரையும் இந்தக் கணக்கு கார் தொழிற்சாலையில் பிறந்தது. சித்ரோயனில் 1959இல் பால் த காஸ்டெல்ஜோ, 1960களில் ரெனோவில் பியர் பெசியே. காரின் உடம்பை வரையக் கண்டுபிடித்தது இன்று நம் ‘ழ’வையும் ‘ஞ’வையும் வரைகிறது. எனக்கு இது இன்னும் வியப்புதான்.

ஆங்கிலத்தில் நேர்கோட்டு எழுத்துகள் நிறைய. டிரேஸ் ஓரளவு தப்பிக்கும். தமிழில் எங்கு பார்த்தாலும் சுழி. ஒரு சுழி அமுங்கினால் ‘ண’, ‘ன’ ஆகிவிடும். இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி. தெருவில் நிற்கும் எழுத்து பிசகக்கூடாது.

தமிழில் பலகை செய்யக் கொடுப்பவர்களே, படம் மட்டும் அனுப்பாதீர்கள். வெக்டராக, அதாவது படமாக இல்லாமல் கோடுகளாகச் சேமித்த பிடிஎஃப் இருந்தால் அதை அனுப்புங்கள். இல்லையென்றால் எழுத்துருவின் பெயரையாவது சொல்லுங்கள்.