தில்லியிலிருந்து ஒரு நாள்: மூக்குக்கண்ணாடி பத்திரம்

“டிசம்பர் கடைசில வாரோம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் வச்சுக்கிடலாம்லா?” என்று திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா போனில் கேட்டார். ஒரே வரியில் இரண்டு தப்பு. வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. டிசம்பர் கடைசியில் அது திறந்திருந்தாலும் பனிமூட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! டிக்கெட் வாங்கி உள்ளே போய், வெள்ளையாக ஒரு புகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, “பின்னாடி இருக்குறதுதான் தாஜ்மகால்” என்று ஊரில் போய்ச் சொன்ன சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் உண்டு.

தில்லி மயூர் விஹாரில் குடியேறிப் பதினான்கு வருடம் ஆகிறது. வருடத்துக்கு மூன்று நான்கு குடும்பமாவது வந்து தங்கும். குதுப்மினாரும் செங்கோட்டையும் இரண்டு நாளில் முடிந்துவிடும், மூன்றாம் நாள் காலை காபி குடிக்கும்போதே “பக்கத்துல எங்கயாவது போலாமா” என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் ‘பக்கத்துல’ என்பதற்கு இங்கே அர்த்தம் வேறு. ஆக்ரா 200 கி.மீ.க்கு மேல். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய்வரும் நினைப்பில் கிளம்பினால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

முதல் சில வருடங்கள் நானும் எல்லோரையும் போல “ஒரே நாளில் ஆக்ரா, மதுரா, விருந்தாவனம்” என்று கூவும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை மாமனாரும் மாமியாரும் காலை ஆறு மணிக்குப் போய் இரவு ஒன்றரை மணிக்குத் திரும்பினார்கள். ஆக்ரா கோட்டையை வாசலோடு பார்த்தார்கள், தாஜ்மகாலில் ஒன்றேகால் மணி நேரம், நடுவில் இரண்டு கடைகளில் வண்டியை நிறுத்திக் கட்டாயமாகப் பேட்டா என்ற பூசணி மிட்டாயும் பளிங்குப் பொம்மையும் பார்க்கவைத்தார்கள், விருந்தாவனம் போனபோது நடை சாத்தியிருந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஒரு நாளுக்கு ஓர் ஊர்தான், அதற்கு மேல் யார் கேட்டாலும் கிடையாது.

ஆக்ராவுக்கு இரண்டு வழி. ஒன்று யமுனா எக்ஸ்பிரஸ் வே, 2012-இல் திறந்தது, கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கி.மீ. சாலை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் குளிர்காலக் காலையில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு கூடத் தெரியாது, அந்த மாதங்களில் வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் வயதானவர்களை உட்காரவைத்துக்கொண்டு நான் அதில் ஓட்டுவதில்லை. இன்னொன்று கதிமான் எக்ஸ்பிரஸ். ஹஸ்ரத் நிஜாமுத்தீனில் காலை 8.10-க்கு ஏறினால் 100 நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்ட். 2016-இல் மணிக்கு 160 கி.மீ. வேகம் என்று பெருமையாக விட்ட ரயில். தாஜ்மகாலைப் போலவே வெள்ளிக்கிழமை இதற்கும் விடுமுறை. மாலை ஆறுக்குச் சற்று முன் அங்கே திரும்ப ஏறினால் ஏழரைக்கு நிஜாமுத்தீன், சாப்பாட்டுக்கு வீடு.

தாஜ்மகாலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? உள்ளே போக இந்தியர்களுக்கு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்கு ஏற மேலும் 200 ரூபாய். வாசல் வரை வண்டி போகாது, கொஞ்ச தூரம் பேட்டரி வண்டியிலோ நடந்தோதான் போகவேண்டும். பையில் தின்பண்டம் இருந்தால் வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள், சித்தி முறுக்குச் சம்புடத்தோடு நின்ற காட்சியை மறக்க முடியாது.

நான் சொல்ல விரும்புவது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இத்மாத்-உத்-தௌலா பற்றி. நூர்ஜஹான் தன் அப்பா மிர்ஸா கியாஸ் பேக்குக்காக 1622-இல் தொடங்கி 1628-இல் முடித்த கல்லறை. தாஜ்மகாலுக்கு முந்தையது. வெள்ளைப் பளிங்கில் வண்ணக் கல்லைப் பதித்துப் பூவும் கூஜாவும் சைப்ரஸ் மரமும் வரையும் வேலை முதலில் இங்கேதான் முழுக் கட்டடத்துக்கும் பரவியது. ஆட்டோக்காரர்கள் ‘பேபி தாஜ்’ என்பார்கள், அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது, அக்காவைத் தங்கையின் பெயரால் கூப்பிடுவது மாதிரி. கூட்டமே இருக்காது. பின்பக்கம் ஆற்றைப் பார்த்துத் திண்ணை போல இடம் உண்டு, அங்கே உட்கார்ந்து சித்தப்பா அரை மணி நேரம் தூங்கினார். யாரும் எழுப்பவில்லை. அங்கிருந்து மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குப் போனால் தாஜ்மகாலின் பின்புறம் யமுனைக்கு அக்கரையில் தெரியும், வரிசை கிடையாது, தள்ளுமுள்ளு கிடையாது. எனக்கு முன்பக்கத்தைவிட அதுவே அழகு.

ஃபதேபூர் சிக்ரியையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று ஒருவராவது கேட்பார். சேர்க்கக் கூடாது. 1571-இலிருந்து பதினைந்து வருடத்துக்கும் குறைவாகவே அக்பர் தலைநகராக வைத்திருந்து விட்டுவிட்டுப் போன ஊர், அதற்குத் தனி நாள் கொடுங்கள்.

அடுத்து விருந்தாவனம். நம்மவர்களை அங்கே கூட்டிப்போனால் முதலில் ரங்ஜி கோயிலுக்குப் போவேன். வடநாட்டுச் சந்துகளில் நடந்துபோகும்போது திடீரென்று நம்ம ஊர் கோபுரம் எழுந்து நிற்கும். மதுராவின் சேட் குடும்பத்துச் சகோதரர்கள், தெற்கிலிருந்து வந்த ரங்கதேசிக சுவாமி என்ற வைணவ ஆசாரியரின் வழிகாட்டலில் கட்டி 1851-இல் முடித்தது. உள்ளே இருப்பது கோதையும் ரங்கமன்னாரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது போலவே. விருந்தாவனத்தை நேரில் பார்க்காமலே பாடிய ஆண்டாளுக்கு விருந்தாவனத்திலேயே ஒரு வீடு! பொன்தகடு வேய்ந்த கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து பிரபந்தம் சொல்லும் குரல் கேட்டது. சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்து நாளாக இந்தி மட்டுமே கேட்ட காது வேறு.

பாங்கே பிஹாரி கோயில் வேறு உலகம். அங்கே சாமிக்கு முன்னால் திரையை அடிக்கடி மூடி மூடித் திறப்பார்கள். கண்ணைக் கண்ணோடு வைத்து ரொம்ப நேரம் பார்த்தால் கண்ணன் பக்தரோடு கிளம்பிப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. நெருக்கடி பயங்கரம். வார இறுதியிலும் ஏகாதசியிலும் குழந்தைகளோடு வயதானவர்களோடு போகவே போகாதீர்கள். மதியம் விருந்தாவனத்தில் பெரும்பாலான கோயில்கள் மணிக்கணக்கில் நடை சாத்திவிடும், மாலையில்தான் திறக்கும். அதனால் காலை ஒன்பதுக்குள் அங்கே இருக்கவேண்டும், அப்படியானால் வீட்டிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும்.

அப்புறம் குரங்கு. விருந்தாவனத்துக் குரங்குக்கு வாழைப்பழம் வேண்டாம், மூக்குக்கண்ணாடிதான் வேண்டும். பின்னாலிருந்து வந்து தோளில் ஒரு கை வைத்து, இன்னொரு கையால் நோகாமல் கழற்றிக்கொண்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு நடந்தது. கண்ணாடிக் கம்பியை அது மென்றுகொண்டிருக்க, எங்கிருந்தோ ஒரு பையன் வந்தான், ஒரு ஃப்ரூட்டி பாக்கெட்டை மேலே எறிந்தான். குரங்கு அதைப் பிடித்தது, கண்ணாடியைக் கீழே விட்டது. பையன் நூறு ரூபாய் கேட்டான். பேரம் பேசலாம் என்று பார்த்தால் எனக்கு அவன் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது, கொடுத்துவிட்டேன். பையனும் குரங்கும் கூட்டு என்று என் மனைவி இன்றுவரை சொல்கிறாள்.

கோயிலும் கல்லறையும் போதும் என்பவர்களுக்கு சுல்தான்பூர். குருகிராமைத் தாண்டி ஃபருக்நகர் போகும் சாலையில் இருக்கும் சின்னப் பறவைகள் பூங்கா, நடுவே ஓர் ஏரி, மொத்தமே 1.42 சதுர கி.மீ. பீட்டர் ஜாக்சன் என்ற பறவை ஆர்வலர் இந்திரா காந்திக்கே எழுதிக் காப்பாற்றிய இடம், 2021-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகலாம், செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஏரியைச் சுற்றி ஒரே நடைபாதை, நீலகாய் மான் குறுக்கே ஓடும். அங்கே தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு சித்தப்பா கத்தினார்: “ஏல, இது நம்ம கூந்தன்குளத்துக்கு வாரதுல்லா!” அதேதான், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகள் சரணாலயத்துக்கு வருவது. வரித்தலை வாத்து, இமயமலையைத் தாண்டி வருவது. தாஜ்மகால் முன்னால்கூட அவர் இவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. திரும்பும் வழியில் ஃபருக்நகருக்குள் நுழைந்து எட்டுப்பட்டைப் படிக்கிணற்றையும் பார்த்துவிட்டு வந்தோம், காவலாளியைத் தவிர ஈ காக்கை இல்லை.

பானிபட்டுக்கு மூன்று போரின் பெயரைக் கேட்டுப் போய் ஏமாந்தேன். இப்ராஹிம் லோடியின் கல்லறை ஒரு பூங்காவுக்குள் மேடையாக இருக்கிறது, அவ்வளவே. அந்தச் சாலையில் உண்மையில் எல்லோரும் போவது முர்தலில் பராட்டாவும் வெண்ணெய்க்கட்டியும் சாப்பிடத்தான். நானும்தான்.

ஹரித்வாரை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். மாலை ஆரத்தி பார்க்கத்தான் அங்கே போகிறோம், அதை முடித்துக்கொண்டு கிளம்பினால் வீடு சேர நள்ளிரவு ஆகும். ஓர் இரவு தங்குங்கள்.

சமீபத்தில் கண்டுபிடித்தது சர்தனா. 2025 ஜனவரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நியூ அசோக் நகர் வரை, மீரட் பக்கம் போகும் நமோ பாரத் என்ற வேக ரயில் வந்தது, மீரட் சவுத் நாற்பது நிமிடச் சொச்சம்தான். அங்கே ஒரு டாக்ஸி பேசி சர்தனா போனோம். நாட்டியக்காரியாக இருந்து, வால்டர் ரெயின்ஹார்ட் என்ற ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவனோடு சேர்ந்து, அவன் செத்தபின் அவன் படையையும் நிலத்தையும் தானே ஆண்ட பேகம் சம்ருவின் ஊர். கத்தோலிக்க மதத்துக்கு மாறிய அவர் கட்டி 1822-இல் முடித்த மாதா கோயிலில் இரண்டு கூர்கோபுரம், ஒரு பெரிய குவிமாடம், பீடத்தில் ஆக்ரா பாணியில் கல் பதித்த பளிங்கு வேலை. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே அது நிற்பதைப் பார்த்தால் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோனது மாதிரி இருக்கும். வரும்போது மீரட்டில் கஜக் என்ற எள் மிட்டாய் வாங்கிக்கொண்டு, மதியம் மூன்றரைக்கே வீட்டுக்கு வந்து டீ போட்டோம்.

பிப்ரவரியில் அத்தை வருகிறார். விருந்தாவனம்தான் வேண்டுமாம், அதுவும் ஆக்ராவோடு சேர்த்து. ஆக்ரா அடுத்த தடவை என்று சொல்லிவிட்டேன். பழைய கண்ணாடி ஏதாவது இருந்தால் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.