செவ்வாய் அடங்கியது, சேர்வராயன் அடங்கவில்லை

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கணினி கேமை விளையாடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் கேமோடு வருகிற மேப்கள் சலித்துப்போகும். நிஜமான நிலத்தின் மேடு பள்ளத்தைக் கொண்டுவந்து அதன்மேல் ஊர் கட்டினால் என்ன என்று தோன்றும். எனக்கு வந்த ஆசை செவ்வாய் கிரகம். பெர்சிவியரன்ஸ் ரோவர் 2021 பிப்ரவரியில் இறங்கிய ஜெசிரோ பள்ளத்தில், பழைய ஆறு ஒன்று விட்டுப்போன டெல்டாவை ஒட்டி ஒரு நகரம். ஆனால் முதலில் சேலத்தைத்தான் செய்தேன். கண்ணால் பார்க்காத நிலத்தில் உயரம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேர்வராயன் மலை என்றால் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் பார்க்கிறேன், கொஞ்சம் பிசகினாலும் தெரிந்துவிடும்.

நான் சொல்வது 2015இல் வந்த முதல் பாகத்தை. அது கேட்பது 1081க்கு 1081 பிக்சல் உள்ள ஒரு கருப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். எந்த இடம் எவ்வளவு வெளுப்போ அந்த இடம் அவ்வளவு உயரம். ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே 16 மீட்டர், ஆக மொத்தம் 17.28 கிலோமீட்டர் சதுரம். முழுக் கருப்பு என்றால் சுழி, முழு வெள்ளை என்றால் 1024 மீட்டர். படம் 16 பிட்டாக இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. 8 பிட்டில் 256 சாயல்தான் உண்டு, 1024 மீட்டரை அதில் பங்கிட்டால் ஒவ்வொரு சாயலுக்கும் 4 மீட்டர், மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டாகிவிடும்.

பூமிக்கு உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் ஒன்று, அதற்குப் பிறகு வந்த கோப்பர்நிக்கஸ் ஒன்று, இரண்டுமே ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. நான் எடுத்தது கோப்பர்நிக்கஸ். எஸ்ஆர்டிஎம்மில் உயரம் முழு மீட்டராகத்தான் இருக்கும், சேலம் மாதிரி தட்டையான இடத்தில் அந்த ஒரு மீட்டர் படிகூடக் கேமில் வரப்பு மாதிரி தெரிகிறது. இன்னொன்று, இரண்டும் ரேடார் என்பதால் தரையை மட்டும் அளப்பதில்லை, மேலே நிற்கிற மரத்தையும் சேர்த்து அளக்கும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் எல்லாம் மலையின் உயரமாகவே பதிவாகியிருக்கும். அங்கே மேடு பள்ளத்தை லேசாக வழவழப்பாக்கிவிட்டால் போதும்.

சரி, இப்போது அந்த 1024க்கு வருவோம். சேலம் டவுன் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 1600க்கு மேல். வித்தியாசம் மட்டுமே 1300ஐத் தாண்டுகிறது, கேமில் அடங்காது. இதற்குப் பலரும் செய்வது உயரத்தை மட்டும் நசுக்குவது, இருக்கிற உயரத்தை 1024க்குள் அமுக்கிவிட்டு அகல நீளத்தைத் தொடாமல் விடுவது. அப்படியும் ஒன்று செய்து பார்த்தேன். அக்கா பையன் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, நம்ம மலை இவ்ளோ சப்பையாவா இருக்கும்?" என்றான். அதேதான். அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரம் போகும்போது எதிரே சுவர் வைத்த மாதிரி எழுந்து நிற்குமே, அந்த எழுச்சிதான் அந்த மலையின் அடையாளம். உச்சியின் உயரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, சரிவு மாறினால் அது வேறு மலை.

அதனால் உயரத்தையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும். 1.4ஆல் வகுக்கலாம் என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் 17.28க்குப் பதிலாக 24.2 கிலோமீட்டர் சதுரமாக நிலத்தை வெட்டி எடுத்து அதே 1081 பிக்சலுக்குள் வைக்க வேண்டும். உயரம் எல்லாம் 1.4இல் ஒரு பங்காகும், தூரமும் அதே பங்காகும், சரிவு அப்படியே நிற்கும். இதில் ஒரு லாபமும் உண்டு: பழைய பஸ் ஸ்டாண்டும் சேர்வராயன் உச்சியும் ஒரே மேப்பில் வந்துவிடுகின்றன, நிஜ அளவில் வைத்தால் இரண்டில் ஒன்று வெளியே போய்விடும். கஞ்சமலையை மட்டும் விட வேண்டியதாயிற்று, எனக்கு வருத்தம்தான்.

வேலை ஜிடால் என்ற இலவச மென்பொருளில். முதலில் தரவை டிகிரியிலிருந்து மீட்டருக்கு மாற்ற வேண்டும், அதற்கு யுடிஎம் என்ற வரைபட முறை உண்டு, பூமியை நெட்டுவாக்கில் மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளப்பது. சேலத்துக்கு 44 வடக்கு மண்டலம். 78 டிகிரியில் அந்த மண்டலம் ஆரம்பிக்கிறது, நம் ஊர் அதன் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் 200 மீட்டரைச் சுழியாகவும் 1633.6 மீட்டரை (200உடன் 1024இன் 1.4 மடங்கு) 65535ஆகவும், அதாவது 16 பிட்டின் முழு வெள்ளையாகவும் வைத்து 16 பிட் படமாக எழுத வேண்டும். டவுன் கேமில் 55 மீட்டர் வாக்கில் வரும், உச்சி 1024க்குள் நிற்கும். மேப் எடிட்டரில் கடல் மட்டம் 40 மீட்டரில் இருக்கும், அதை அடிவரை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தெற்கே தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறும்.

முதல்முறை திறந்தபோது நான் தேடியது வெள்ளைக்கல் சுரங்கங்களைத்தான். மலைக்கும் ஊருக்கும் நடுவில் மேக்னசைட் எடுத்த குழிகளும் பக்கத்தில் கொட்டிய மண்மேடுகளும் தெளிவாகத் தெரிந்தன, சந்தோஷமாக இருந்தது. ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் தெரியாது, அந்த ரோட்டின் அகலத்துக்கு 30 மீட்டர் தரவு போதாது. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் போட்டேன். நேராக ஏற்றப் பார்த்தால் சரிவு அதிகம் என்று கேம் மறுத்துவிடுகிறது, வளைத்து வளைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த ரோட்டைப் போட்டவர்களுக்கும் இதே தொல்லைதானே இருந்திருக்கும்! திருமணிமுத்தாறு மட்டும் தனி வேலை. ஊருக்குள் அது மிகக் குறுகல், தரவில் பள்ளமே இல்லை, தண்ணீர் விட்டால் தெருவெல்லாம் பரவுகிறது. ஆற்றின் பாதையை ஒரு கோடாகப் படத்தின்மேல் வைத்து அதன் வழியில் மட்டும் உயரத்தைக் குறைத்து வெட்டிவிட்ட பிறகே ஒழுங்காக ஓடியது.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு செவ்வாய் சுலபமாகிவிட்டது. அங்கே பிரபலமான மோலா லேசர் தரவு இதற்கு உதவாது, 463 மீட்டருக்கு ஒரு புள்ளி, நம் மேப்பின் ஒரு பக்கத்துக்கு 37 புள்ளிதான் தேறும். ஜெசிரோவுக்கு மட்டும் 20 மீட்டர் தரவு தனியாக இருக்கிறது, ரோவரை இறக்குவதற்காகவே தயாரித்தது. பள்ளத்தின் தரை சுமார் மைனஸ் 2600 மீட்டர், அதாவது செவ்வாயில் உயரத்தைச் சுழி என்று வைத்து அளக்கிற மட்டத்துக்கும் கீழே. படத்தில் மைனஸ் எண் எழுத முடியாது, அதனால் மைனஸ் 2700ஐச் சுழியாக வைத்தேன். டெல்டாவிலிருந்து மேற்கு விளிம்புவரை உள்ள ஏற்றம் 1024க்குள் தாராளமாக அடங்குகிறது, ஒரு மீட்டரைக்கூடச் சுருக்கவில்லை. கிரகத்தின் ஆரம் 3396.19 கிலோமீட்டர் என்று மென்பொருளுக்குச் சொல்ல மறக்காதீர்கள். அங்கே ஒரு டிகிரி 59 கிலோமீட்டர்தான், பூமிக் கணக்கில் போனால் எல்லாமே ஊதிப்போகும்.

அடுத்தது நிலாவின் தென்துருவம், ஷேக்கல்டன் பள்ளம். 21 கிலோமீட்டர் அகலம், 4 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அதே வகுத்தல் முறைதான், ஆனால் இங்கே 1.4க்குப் பதில் 4க்குச் சற்று மேல், அதனால் சுமார் 70 கிலோமீட்டர் சதுரம் எடுக்க வேண்டும், கேமுக்குள் பள்ளம் 5 கிலோமீட்டர் அகலமாக வரும். நிலாவைச் சுற்றும் எல்ஆர்ஓ விண்கலம் அளந்த தரவு துருவத்தில் நன்றாக இருக்கிறது, அதை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.