படைமுகாமில் குழந்தைச் செருப்பு

ரோமப் படையின் சாதாரண வீரன் ஒருவன் தன் பணிக்காலம் முடியும்வரை சட்டப்படி மணம் செய்துகொள்ள முடியாது. 25 ஆண்டுகள் வரை நீண்ட அந்தப் பணிக்காலம் முழுவதும் அவனுக்குக் குடும்பம் என்று ஒன்று இல்லை என்பதே அரசின் கணக்கு, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில்தான் இந்தத் தடை நீங்கியது. ஆகவே, கோட்டைக்குள் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள் என்றும், பெண்களும் பிள்ளைகளும் மதிலுக்கு வெளியே உள்ள குடியிருப்போடு நின்றுவிட்டார்கள் என்றும் வரலாற்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். அந்த நம்பிக்கையை அசைத்த சான்றுகளில் முக்கியமானவை, யாரோ தேயத் தேயப் போட்டு நடந்துவிட்டுத் தூக்கி எறிந்த பழஞ்செருப்புகள்.

வடக்கு இங்கிலாந்தில், ரோமர்கள் எழுப்பிய எல்லைச் சுவரான ஹாட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே, வின்டோலாண்டா என்ற கோட்டை இருக்கிறது. சுவரின் பணி தொடங்கிய 122ஆம் ஆண்டுக்கு முன்பே அங்கே மரத்தால் ஆன கோட்டைகள் எழுந்திருந்தன. ஒரு படைப்பிரிவு போய் இன்னொன்று வரும்போது, பழைய கட்டடங்களை இடித்து, அவற்றின்மேல் களிமண்ணும் புல்கரணையும் பரப்பிப் புதிதாகக் கட்டினார்கள். காற்றுப் புகாத அந்த ஈரமண்ணில் மரமும் தோலும் மட்காமல் தங்கிவிட்டன. செருப்பைத் தைத்த நூல் பெரும்பாலும் மட்கிப்போயிற்று. தோல் மட்டும் நின்றதற்கு, நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவதுபோல் அவர்களும் மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டதும் ஒரு காரணம். இதுவரை 5,000க்கும் மேற்பட்ட காலணிகள் அங்கே கிடைத்திருக்கின்றன.

அரண்மனைக் கருவூலத்தைவிட இத்தகைய குப்பையையே நான் அதிகம் நம்புவேன். பின்னால் வருகிறவர்கள் பார்க்கவேண்டும் என்று எண்ணி யாரும் அறுந்த செருப்பை எறிவதில்லை. அடித்தோலில் வரிசையாக அறைந்த இரும்பு ஆணிகளில் எவை தேய்ந்திருக்கின்றன, எவை உதிர்ந்திருக்கின்றன என்று பார்த்தால், போட்டவரின் எடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரியும். உள்தோலில் குதிகாலும் பெருவிரலும் அழுத்திய பள்ளம் சில செருப்புகளில் இன்னும் இருக்கிறது. மண்ணிலிருந்து எடுத்து உலர்த்தும்போது தோல் சுருங்கும் என்பதையும் கணக்கில் கொண்டுதான் பாதத்தின் அளவைச் சொல்லவேண்டும்.

தோல்பொருள் ஆய்வாளரான கரோல் வான் ட்ரீல்-மரே இந்த அளவுகளை ஆராய்ந்தபோது, வீரர்கள் தங்கிய பாசறைக் கட்டடங்களிலேயே பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரிய செருப்புகள் இருப்பதைக் கண்டார். இதற்கு மறுப்பும் உண்டு. சிறிய செருப்பெல்லாம் பெண்ணுடையது ஆகிவிடாது. பதின்வயதுப் பையனுக்கும் வளர்ந்த பெண்ணுக்கும் பாதம் ஒரே அளவில் இருக்கலாம், வீரர்களிடம் ஏவல் வேலை பார்த்த பையன்களும் அங்கே இருந்திருக்கலாம். நியாயமான ஐயம்தான். ஆனால், தவழ்ந்தெழுந்து நடக்கத் தொடங்கிய குழந்தையின் செருப்பை எந்த ஏவலாளின் கணக்கில் எழுதுவது?

தளபதிகளுக்கு அந்த மணத்தடை இல்லை. 100ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ரைன் நதி முகத்துவாரப் பகுதியைச் சேர்ந்த படாவியர் இனத்தவரைக் கொண்ட படைப்பிரிவின் தளபதி ஃபிளேவியஸ் கெரியாலிஸ் தம் மனைவி சுல்பிகியா லெபிடினாவோடு அங்கே வாழ்ந்தார். தளபதியின் இல்லத்தில் கிடைத்த மெல்லிய பெண் செருப்பு ஒன்றில், அதைச் செய்த லூசியஸ் ஈபூட்டியஸ் தாலஸ் என்பவரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கிறது. அது லெபிடினாவுடையதாக இருக்கலாம் என்கிறார்கள். பெயர் பதித்த செருப்பு அன்றும் வசதியுள்ளவர்களுக்கு உரியதுதான் போலும். அதே இல்லத்தில் கிடைத்த குழந்தைச் செருப்பு ஒன்று, பெரியவர்கள் அணிவதன் அச்சாக, வலைபோல் வெட்டிய மேல்தோலும் ஆணி அடித்த அடித்தோலுமாக இருக்கிறது. நடைபழகும் பிள்ளைக்கு ஆணி அடித்த செருப்பால் என்ன பயன்? இது பெற்றோரின் அந்தஸ்தைக் காட்டுவதற்காகச் செய்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாசறை வீரனுக்கு இந்த ஆடம்பரம் இல்லை. குளிர் மட்டும் இருந்தது. அங்கேயே கிடைத்த மரப்பலகைக் கடிதம் ஒன்றில், காலுறைகளும், இரண்டு சோடிச் செருப்புகளும், இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக யாரோ ஒருவருக்கு எழுதியிருக்கிறார்கள்.