இல்லை என்று சொல்ல ஒரு பக்கம்

"மத்தவங்களுக்கு இல்லைன்னு சொல்ல ஒரு வரி போதும் தம்பி. உங்களுக்குச் சொல்லணும்னா நான் ஒரு பக்கம் எழுதணும்."

சமையல் குறிப்பு எழுதும் ஒரு அம்மாவுக்கு, எங்கள் செக்கு எண்ணெயைப் பற்றி ஒரு வரி சொல்லக் கேட்டு மெயில் எழுதியிருந்தேன். அதற்குப் போனில் வந்த பதில் இது. அந்தம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்: "அப்போ இல்லைன்னு சொல்லாட்டிப் போச்சுங்கம்மா." போனில் ஒரு நொடி பேச்சில்லை. அப்புறம் இந்த வருடம் கடலை என்ன விலை போகிறது என்று கேட்டார், சொன்னேன், வைத்துவிட்டோம். நடந்தது இவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை, ஏமாற்றவில்லை. இருந்தும் டின்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடி வந்து நிற்கிறது.

காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கில் எனக்கு வேலை. எண்ணெய் ஆட்டுவதைத் தவிர மற்றதெல்லாம் பார்ப்பேன்: லேபிள், கூரியர், வாட்ஸப்பில் வரும் சந்தேகம், புகார். அத்தோடு நாலு பேருக்குத் தெரியவைக்கும் வேலையும் என் தலையில்தான். இந்தத் தொழிலில் அப்படியென்றால், சமையல் சொல்லிப் பெயர் வாங்கிய ஒருவரிடம் போய் நிற்பது என்று அர்த்தம். எப்படி நிற்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். "வணக்கம் மேடம், உங்கள் வீடியோ எல்லாம் சூப்பர். எங்கள் எண்ணெயைப் பற்றி ஒரு வீடியோ போட முடியுமா? ஒரு லிட்டர் ஃப்ரீயாக அனுப்புகிறோம்." இதையே முப்பது பேருக்கு ஒட்டி அனுப்புவார்கள். மீசை வைத்த சமையல்காரருக்கும் அதே மேடம்தான் போகும். பதில் வராது. வந்தால் ரேட் கார்டு வரும்.

ரேட் கார்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீடியோவுக்கு இவ்வளவு, ஷார்ட்ஸ் என்றால் இவ்வளவு, பணம் முன்னதாக. அதில் மறைவாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தம்மா அந்த ரகம் இல்லை. வீடியோ காலத்துக்கு முன்பிருந்தே எழுத்தில் சமையல் குறிப்பு சொல்லி வருபவர். காசு வாங்கிக்கொண்டு பெயர் சொல்லிப் பார்த்ததில்லை. அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எங்கள் எண்ணெய்க்கு எது கிடைக்குமோ, அதை எந்த ரேட்டிலும் வாங்க முடியாது. அதனால்தான் அவரிடம் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் நல்ல காரணங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

எங்களுக்கு வரும் புகாரில் பாதி நுரை பற்றியது. முறுக்குப் பிழிந்து போட்டதும் செக்குக் கடலை எண்ணெய் பொங்கிக்கொண்டு மேலே வரும். சட்டி சின்னதாக இருந்தால் அடுப்பிலேயே வழியும். உடனே போன்: "என்னங்க கலந்து வெச்சிருக்கீங்க?" கலப்படம் ஒன்றும் இல்லை. ரீஃபைண்ட் எண்ணெயில் பிசினையும் ஈரத்தையும் எடுத்துவிடுகிறார்கள். செக்கு எண்ணெயில் அது கொஞ்சம் இருக்கும், சூட்டில் நுரைக்கும். இதை ஆளுக்கு ஆள் விளக்கி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. அந்தம்மா பல வருடங்களுக்கு முன்னாலேயே இதை எழுதியிருந்தார்: எண்ணெய் காய்ந்ததும் துளிப் புளியைப் போட்டு எடுங்கள், நுரை அடங்கும் என்று.

செக்கடி அடுப்பிலேயே செய்து பார்த்தேன். முந்தின நாள் ஆட்டிய எண்ணெயில் புளி பெரிதாக எடுபடவில்லை. வெயிலில் வைத்துக் கசடு நன்றாக அடியில் படிந்த எண்ணெயில் நுரையே குறைவு, புளி போட்டதும் இன்னும் அடங்கியது. அதாவது முதல் வேலையைச் செய்வது வெயில், புளி இரண்டாவது. ரீஃபைனரியில் பிசின் பிரிக்கவே கொஞ்சம் அமிலம் சேர்ப்பார்கள். புளியின் புளிப்பும் அதைத்தான் சின்ன அளவில் செய்கிறதோ என்று எனக்கு ஒரு ஊகம். இதையெல்லாம் அவருக்கு எழுதினேன். நீங்கள் சொன்னது சரி, ஆனால் எண்ணெய் தெளிந்திருந்தால்தான் சரி என்று எழுதினேன். புகழ்ந்து மட்டும் எழுதியிருந்தால் படித்திருக்க மாட்டார் என்று இப்போதும் நம்புகிறேன்.

இன்னொன்றும் எழுதினேன். எண்ணெய் லேபிளில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போடுவதை அவர் ஒருமுறை கிண்டல் செய்திருந்தார். கடலை, எள், தேங்காய் எதிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது, அப்புறம் எதற்கு அந்தப் பெருமை என்று. எங்கள் பழைய லேபிளிலும் அந்த வரி இருந்தது. அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் எடுத்தோம். இது சத்தியமாக நடந்தது. ஆனால் உண்மை என்பதால் எழுதினேனா, அவருக்குப் பிடிக்கும் என்பதால் எழுதினேனா என்று கேட்டால் இரண்டும்தான். இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. பிரித்துத்தான் ஆக வேண்டுமா என்றும் தெரியவில்லை.

கடைசிப் பத்தியில்தான் கேட்டேன். எங்கள் எண்ணெயை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள், பிடித்திருந்தால் ஒரு வரி சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இதைவிட மரியாதையாக எப்படிக் கேட்பது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

போனில் அவர் சொன்னதற்குப் பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அதையே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து வைத்துவிட்டால், போகாமல் இருக்க ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. நான் மெனக்கெட்டது அவருக்குச் செய்த மரியாதைதான். அதே மெனக்கெடல் அவர் கையைக் கட்டவும் செய்தது. ஒட்டி அனுப்பியவர்கள் அவரை மதிக்கவில்லை என்றாலும் அவருடைய நேரத்தையோ மனசையோ கடன் வாங்கவில்லை. அழித்துவிட்டுப் போகலாம். என் மெயிலை அவரால் அழிக்க முடியவில்லை. அதனால்தான் போனே வந்தது.

அதற்கு நான் சொன்ன பதில்தான் விஷயம். "சொல்லாட்டிப் போச்சுங்கம்மா." எங்கள் பக்கத்துப் பேச்சில் அது சாதாரண வேடிக்கை. சந்தையில் விலை பேசும்போதுகூட இப்படித்தான் பேசுவோம். ஆனால் ஒருவர் தன் சங்கடத்தைச் சொல்லும்போது அதை வேடிக்கையாக்கித் திருப்பித் தந்தால், அவருக்குப் பேச இடம் போய்விடுகிறது. சரி, வேறு என்ன சொல்லியிருக்கலாம்? "பரவாயில்லைங்கம்மா, இல்லைன்னே ஒரு வரி எழுதுங்க" என்றா? அப்படிச் சொன்னால் அவருக்கு இன்னும் மறுக்க முடியாமல் போயிருக்கும். பெருந்தன்மையும் ஒரு பிடிதான். இதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், கேட்கிறவன் வாயில் வரக்கூடிய சரியான பதில் என்று ஒன்று தென்படவில்லை.

வைக்கும் முன்னால் ஒன்று சொன்னார்: "டின் எதுவும் அனுப்பாதீங்க. வேணும்னா நானே வாங்கிக்கறேன்." காரணம் எனக்குத் தெரியும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விதிமுறை கொண்டுவந்ததில் இருந்து, காசு வாங்கினால் மட்டுமல்ல, ஓசியில் பொருள் வாங்கினாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். ஏமாற்று விளம்பரம் என்று முடிவானால் 10 லட்சம் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத் துறையின் ஆஸ்கி அமைப்பும் 2021 ஜூனில் இருந்து இதையே சொல்லிவருகிறது. ஆனால் அவர் அபராதத்துக்குப் பயந்து சொன்னதாக எனக்குப் படவில்லை. கை நீட்டி வாங்கிவிட்டால் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். எங்கள் முதலாளி அண்ணனுக்கோ அதில் ஒரு நிம்மதி. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால், இரண்டரை கிலோ பருப்பு போகும். ஓசி டின் ஒவ்வொன்றையும் அவர் பருப்புக் கணக்கில்தான் பார்ப்பார்.

கொஞ்ச நாள் கழித்து அந்தம்மா எழுதினார். நுரை பற்றி, புளி பற்றி, வெயிலில் தெளிய வைப்பது பற்றி. "செக்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி என்னைத் திருத்தினார்" என்று ஒரு வரி. எந்தச் செக்கு என்று இல்லை. என்ன எண்ணெய் வாங்கிச் சமைத்தார் என்றும் இல்லை. எங்களிடம் வாங்கினாரா என்று ஆர்டர் பட்டியலில் தேடினேன். அவர் பெயரில் இல்லை. வேறு பெயரில் வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அண்ணன் போனில் முழுசாகப் படித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நம்ம பேரு எங்கப்பா?" என்றார்.

கேள்வி நியாயமானது. அதே மாதம் எங்கள் ஆபீஸ் பெண் ஒரு யூடியூப்காரருக்கு மூன்று வரியில் செய்தி போட்டு, ரேட் கேட்டு, பணம் கட்டி, "கட்டணம் பெற்ற விளம்பரம்" என்ற குறிப்போடு ஒரு வீடியோ வாங்கிவிட்டாள். அவர் எண்ணெயை மோந்து பார்த்து, "அடடா" என்றார். அன்று மாலையே ஆர்டர் கொட்டியது. கூரியர்க்காரர் இரண்டு தடவை வந்து போனார். நான் உட்கார்ந்து படித்துப் பொரித்து எழுதியதில் ஒரு பாட்டில்கூட விற்றதாக என்னால் காட்ட முடியாது. ஆனால் நுரை பற்றி யாராவது திட்டினால் அந்தம்மா எழுதியதை அனுப்பிவிடுகிறேன். அதற்கு மேல் சண்டை வருவதில்லை. எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறவர்களும் குறைந்த மாதிரி இருக்கிறது. அது அண்ணன் கணக்கில் வராது. வரும்படி நான் எடுத்துச் சொல்லவும் இல்லை.

அடுத்து அண்ணன் கேட்டது: "அந்தத் தம்பி நம்ம பையன்தான்னு நாமளே போட்டுக்கலாமே? இல்லைனா அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேளு." நான் முடியாதுங்க அண்ணா என்றேன். ஒரு தடவை அவருக்கு இல்லை என்று சொல்லச் சங்கடமாகப் போய்விட்டது, இன்னொரு தடவை கேட்டால் அது கேட்பதில்லை, நெருக்குவது. பெயர் போடாமல் விட்டதுதான் அவர் எழுதிய அந்த ஒரு பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்பதை இவ்வளவு நயமாகச் சொன்னவரிடம் மறுபடி எப்படிப் போய் நிற்பது?

இப்படிச் சொல்லிக்கொண்டாலும் ஒரு உறுத்தல் இருக்கிறது. சம்பளம் தருவது அண்ணன். நான் காட்டும் நயநாகரிகத்துக்குச் செலவு அவருடையது. எண்ணெய் விற்கத்தான் என்னை வைத்திருக்கிறார், ஒரு அம்மாவிடம் நல்ல பெயர் எடுக்க அல்ல. ஒருவேளை கேட்டிருந்தால், "அதுக்கென்ன, போட்டுக்கோங்க தம்பி" என்றே சொல்லியிருப்பாரோ என்னவோ. அவர் மனசை நானே படித்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேனா?

இதைவிட என்னைக் குழப்புவது வேறு. நான் எழுதிய அந்த மெயிலை ஆபீஸ் பெண் எடுத்து மாதிரியாக வைத்துக்கொண்டாள். எங்கெங்கே எதை மாற்ற வேண்டும் என்று மஞ்சள் அடித்து வைத்திருக்கிறாள். முதல் பத்தியில் அவர்களுடைய பழைய குறிப்பு ஒன்று. இரண்டாவதில் அதை நாம் செய்து பார்த்தது. மூன்றாவதில் பணிவாக ஒரு சின்ன மறுப்பு. கடைசியில் கோரிக்கை. நான் இதைப் படிகளாக யோசித்து எழுதவில்லை. ஆனால் அவள் பிரித்துக் காட்டியபோது அப்படித்தான் இருந்தது. அதைவிட மோசம், அது வேலை செய்கிறது. ஒட்டி அனுப்புவதைவிட நிறையப் பதில் வருகிறது.

போன வாரம் இன்னொரு சமையல்காரம்மாவுக்கு ஒரு மெயில் தயார் செய்து என்னிடம் காட்டினாள். "உங்கள் அதிரசக் குறிப்பை எங்கள் கடலை எண்ணெயில் செய்து பார்த்தோம்" என்று இருந்தது.

"செஞ்சு பாத்தியா?"

"படிச்சேனுங்கண்ணா. செஞ்சா நல்லாத்தான் வரும்."

செய்யாமல் அனுப்பக் கூடாது என்றேன். சரியென்று பச்சரிசி ஊறவைத்து, இடித்து, வெல்லப்பாகு காய்ச்சி மாவு கிளறி வைத்துவிட்டாள். இன்னும் இரண்டு நாள் ஊற வேண்டும். மெயில் டிராஃப்டில் கிடக்கிறது. சுட்டுவிட்டால் அந்த வரி உண்மையாகிவிடும். அப்போதும் அது எண்ணெய் விற்பதற்காகச் சுட்ட அதிரசம்தான்.

"நல்லா வந்தா போட்டோவும் சேத்து அனுப்பிரலாமுங்களாண்ணா?" என்றாள்.

"வரலைன்னா?"

"அப்பவும் அனுப்பலாமுங்க. அது இன்னும் நம்புற மாதிரி இருக்கும்."