மலையைச் சுற்றும் மெதுநடை: ஒரு புடவை வடிவமைப்பாளனின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 20, திங்கள்

ஆரணியில் பட்டுப்புடவைகளுக்குக் கரையும் முந்தியும் புட்டாவும் வரைந்து கொடுப்பது என் தொழில். தை பிறந்துவிட்டால் முகூர்த்தப் புடவைகளுக்கான நெருக்கடி தொடங்கிவிடும். ஒவ்வொருவரும் இதுவரை யாரும் உடுத்தாத கரை வேண்டும் என்பார்கள். அதையும் இரண்டே நாளில் கேட்பார்கள். இந்த ஆண்டு உறக்கம் கெட்டு, தாடையை இறுகக் கடித்தபடியே விழித்தெழும் நிலை வந்துவிட்டதால், மருத்துவர் மாத்திரையைவிட நடையையே வலியுறுத்தினார். கணினியை மூட்டை கட்டிக்கொண்டு திருவண்ணாமலையில் உள்ள அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். காலையில் நடை, பிறகு வேலை என்பது ஏற்பாடு.

இன்று விடியற்காலையில் செங்கம் சாலையில் வேகமாக நடந்து திரும்பினேன். சட்டை நனைந்திருந்தது, மனமோ ஒரு வியாபாரியுடன் முன்தினம் நடந்த வாக்குவாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தது. கைப்பேசி மட்டும் இலக்கில் பாதி முடிந்ததென்று பாராட்டியது. 10,000 அடி என்ற அந்த இலக்கு மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. அந்த எண்ணையே பெயராகக் கொண்டு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் வழியாகப் பரவியது. நடப்பதில் தவறில்லை, ஆனால் நாள் முழுதும் வடிவத்தின் கட்டங்களை எண்ணுகிறவனுக்குக் காலையிலும் ஓர் எண்ணிக்கை எதற்கு? நாளை கைப்பேசி வீட்டில் இருக்கும்.

2025 ஜனவரி 22, புதன்

வியட்நாமியத் துறவி தீக் நாட் ஹான் 2022-இல் இதே நாளில் காலமானார். மூச்சை உள்ளே இழுக்கும்போது எத்தனை அடி, வெளியே விடும்போது எத்தனை அடி என்பதைக் கவனித்து நடக்கச் சொன்னவர் அவர். மூச்சைக் காலுக்கு ஏற்ப இழுத்துப் பிடிக்கச் சொல்லவில்லை. மூச்சு தன் போக்கில் வரட்டும், எத்தனை அடிக்கு அது நீள்கிறது என்று பார்த்தால் போதும் என்பது அவர் முறை. எனக்கு உள்ளே இரண்டடியும் வெளியே மூன்றடியும் இயல்பாக அமைந்தன.

செருப்பை அக்கா வீட்டிலேயே விட்டிருந்தேன். செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதை வலப்புறம் பிரிந்ததும் பேருந்துகளின் இரைச்சல் சட்டென்று குறைகிறது. அங்கிருந்து குதிகால் தரையில் படுவது, பாதத்தின் வெளிவிளிம்பு வழியாகப் பாரம் முன்னே நகர்வது, கடைசியாகப் பெருவிரல் தரையைத் தள்ளிவிடுவது என்று ஒவ்வொன்றாகக் கவனித்தேன். நடைபாதைக் கல்லின் குளிர்ச்சியும், அதை ஒட்டிய மண்ணின் ஈரமும், புளியமரத்தடியில் உதிர்ந்த பழத்தின் ஓடு பாதத்தின் கீழ் நொறுங்குவதும் வேறு வேறாகத் தெரிந்தன. இடது கால் வலது காலைவிடச் சற்று வெளிப்புறம் திரும்பி விழுகிறது. இத்தனை வயதுக்குப் பிறகு இன்றுதான் அது என் கவனத்துக்கு வந்தது.

வாக்குவாதம் இன்றும் வந்தது. வந்தபோது அதை விரட்டாமல், அடுத்த குதிகாலுக்குத் திரும்பினேன். மீண்டும் வந்தது, மீண்டும் திரும்பினேன். அவ்வளவுதான் பயிற்சி, கேட்பதற்கு அற்பமாக இருக்கும், செய்வதற்குச் சலிப்பாகவும் இருக்கும்.

மாலையில் அக்காவிடம் சொன்னபோது, "இதைச் சொல்ல வியட்நாம் வரைக்கும் போகணுமா தம்பி? நிறைமாத கர்ப்பிணியான ராணி நடக்கிற மாதிரி மலையைச் சுத்தணும்னு இங்க சொல்லிட்டுத்தானே இருக்காங்க" என்றார். ரமணர் சொன்னதாக இவ்வூரில் வழங்கும் அறிவுரை அது. கிரிவலப் பாதையில் இடப்புறமாகவே நடக்க வேண்டும், மலையை ஒட்டிய வலப்புறம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் உரியது என்ற வழக்கத்தையும் நினைவூட்டினார். நம்பிக்கை எதுவானாலும், ஓரமாக ஒதுங்கி நடக்கிறவனுக்கு யாரையும் முந்த வேண்டிய அவசியம் இருப்பதில்லை.

2025 ஜனவரி 25, சனி

உறக்கம் கொஞ்சம் தேவலை. நடக்கும்போதே கரைக்கு ஒரு வடிவம் பிடித்துவிட வேண்டும் என்ற பேராசை மட்டும் குறையவில்லை. கண் ஒவ்வொரு இலையையும் விலை பேசுகிறது.

2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். உட்கார்ந்திருப்பவர்களைவிட நடப்பவர்களுக்கு ஒரு பொருளின் புதிய புதிய பயன்கள் அதிகமாகத் தோன்றின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் அப்படியே தோன்றின. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பயன் சிறிது நேரம் நீடித்தது. ஆனால் ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனையில் நடை உதவவில்லை. என் தொழிலில் இரண்டும் உண்டு. கரைக்கு என்ன உருவம் என்பது முதல் வகை. அந்த உருவத்தை, தறியில் இழைகளைத் தூக்கி உருவம் எழுப்பும் 240 கொக்கி ஜக்கார்டு கருவிக்குள் எப்படி அடக்குவது என்பது இரண்டாம் வகை, அதற்கு நாற்காலிதான் சரி. அதனால் நடையின்போது கட்டக் கணக்கு போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

நோட்டுப் புத்தகம் எடுத்துப் போவதா என்பதில்தான் குழப்பம். ஒருநாள் ரமணர் மலையைச் சுற்றக் கிளம்பியபோது உடன் சென்ற அன்பர் தாளும் பென்சிலும் எடுத்துச் செல்ல, வழியிலேயே ரமணரின் அருணாசல அஷ்டகத்தின் பாடல்கள் உருவாயின என்பது ஆசிரம வரலாற்றில் உள்ள செய்தி. அதில் எனக்குப் பிடித்தது, தாளைச் சுமந்தவர் வேறொருவர் என்பதுதான். சட்டைப் பையில் நோட்டு இருந்தால் என் கண் வேட்டைக்குக் கிளம்பிவிடும். வெறுங்கையோடுதான் போகிறேன்.

2025 ஜனவரி 30, வியாழன்

நேற்றைய தை அமாவாசைக் கூட்டம் கலைந்திருந்தது. அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி 14 கிலோமீட்டரையும் மெதுவாகச் சுற்றினேன். அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் வரை இருட்டு; அங்கெல்லாம் காலும் மூச்சும் மட்டுமே. அடி அண்ணாமலையை நெருங்கும்போது வெளுக்கத் தொடங்கியது.

கோயில் வாசலிலிருந்து பார்த்தால் மலை ஒற்றைச் சிகரம். சுற்றிக்கொண்டு வடபுறம் குபேர லிங்கத்தை அடைந்தால் அதே மலை ஐந்து முகமாகப் பிரிந்து நிற்கிறது. பஞ்சமுக தரிசனம் என்று அங்கே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வண்டியில் வந்து இறங்கிப் பார்த்தவனுக்கு ஒன்றும் ஐந்துமாக இரண்டு படங்கள்தான் கிடைக்கும். நடந்து வருகிறவனுக்கு ஒன்று எப்படி ஐந்தாகிறது என்பது தெரியும். தோள்பட்டையாக இருந்த ஒரு மேடு மெல்ல முன்னுக்கு வந்து தனிச் சிகரமாகிறது. முன்னால் நின்றது பின்வாங்கி அதன் தோளில் மறைகிறது. எந்த அடியில் மாறியது என்று சொல்லவே முடியாது.

அப்போது எனக்கு எந்த யோசனையும் வரவில்லை. இட்லி சாப்பிட்டு, குளித்து, பிற்பகலில் பழைய கோபுரக் கரை ஒன்றைத் திரையில் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. கோபுரக் கரை என்பது ஒரே அளவு முக்கோணம் புடவையின் நீளம் முழுவதும் திரும்பத் திரும்ப வருவது. அந்த முக்கோணமே மெல்ல மெல்லத் தோள் விரித்து, இரண்டாகி, ஐந்தாகி, மீண்டும் ஒன்றாகக் கூடினால் என்ன? மாலை விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. தாடையும் இறுகவில்லை.

2025 பிப்ரவரி 4, செவ்வாய்

வடிவத்தை ஆரணியில் உள்ள நெசவாளருக்கு அனுப்பியிருந்தேன். இரவு அழைத்தார். "பார்க்க நல்லா இருக்குண்ணே. ஆனா இது திரும்ப வர்றதுக்குள்ள ஒரு முழம் ஓடிடுதே, இத்தனை அட்டைக்கு எங்க போறது?" என்றார். குறுக்கே ஓடும் ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் துளையிட்ட ஓர் அட்டை என்பது ஜக்கார்டின் கணக்கு. உருவம் நீள நீள அட்டை கூடும், செலவும் ஏறும். நியாயமான கேள்வி. வழக்கமாக இப்படியொரு அழைப்பு வந்தால் அன்றிரவு உறக்கம் போய்விடும். இன்று மொட்டை மாடியில் சுவருக்குச் சுவர் அரை மணி நேரம் நடந்தேன். பௌத்தத் துறவிகள் தியான நடைக்கென்று வைத்திருப்பதும் இப்படி முன்னும் பின்னும் போய்வரும் குறுகிய பாதைதான். பழைய பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் இந்நடைக்கு ஐந்து பயன் சொல்கிறது. நெடுவழிக்கும் முயற்சிக்கும் உடல் பழகும், நோய் குறையும், உண்டது செரிக்கும், நடையில் கிடைத்த மன ஒருமை நெடுநேரம் நிற்கும். மாடியில் கிடைத்தது செரிமானம் உறுதியாக. மன ஒருமை ஓரளவு.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மாலையில் பௌர்ணமியும் சேர்வதால் கூட்டம் நெரியும் என்று, நெசவாளர் முதல் பேருந்திலேயே வந்துவிட்டார். இருவரும் காலையிலேயே சுற்றினோம். குதிகால், வெளிவிளிம்பு, பெருவிரல் என்று நான் பழகும் முறையை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தறிக்குழியில நாள் முழுக்கக் கால்லதானேண்ணே புத்தி இருக்கு? மிதி கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்கு முன்னாடி காலுக்குத் தெரிஞ்சிடும். இதைப் போய்த் தனியாப் படிக்கணுமா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன். அவர் நடையைப் பின்னாலிருந்து கவனித்தபடியே வந்தேன். இரண்டு பாதங்களும் ஒரே சீராக, ஓசையில்லாமல் விழுந்தன.

குபேர லிங்கத்தில் அவர் வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈசான்ய லிங்கம் வரும் வரை பேசவில்லை. பிறகு, கரையில் மூன்று முகம் வரை போதும், அட்டை பாதியாகக் குறையும், ஐந்தையும் முந்திக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். முந்தியில் அதற்கு இடமும் உண்டு. மாசியில் தறியில் பாவு ஏற்றுகிறார். நிறம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அவர் அரக்கு என்கிறார், நான் விடியலுக்கு முந்தைய சாம்பல் நீலம் என்கிறேன்.