அத்தையின் லேப்டாப்பில் லினக்ஸ், அப்புறம் வைஃபை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் அத்தையின் லேப்டாப், விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும்போது தூக்கிப் போட மனம் வரவில்லை. அத்தைக்குத் தேவை தமிழ் முரசு படிப்பதும் பேத்தியோடு வீடியோவில் பேசுவதும்தான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். ஒலி, கேமரா, தமிழ் எழுத்துரு எல்லாம் தானாக வந்துவிட்டன. வைஃபை மட்டும் வரவில்லை.

“வரலைன்னா விடுப்பா, நான் போன்லயே படிச்சுக்கிறேன்” என்றார் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கண்ணுக்குப் பெரிய திரை வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும்.

இணையத்தில் தேடினால் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஒட்டுவதற்கு எத்தனையோ கட்டளைகள் கிடைக்கும். அவற்றில் எதையும் தொடுவதற்கு முன், உள்ளே இருப்பது எந்தச் சிப் என்று பார்த்துவிட வேண்டும். ஒரே மாடல் லேப்டாப்பில்கூட வெவ்வேறு வைஃபை அட்டை இருக்கலாம். வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ‘ஆர்எஃப்கில்’ கட்டளை எந்தத் தடையும் இல்லை என்றது; ஆக, அணைத்து வைத்த சுவிட்ச் காரணமில்லை. உள்ளே இருக்கும் வன்பொருளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘-என்என்கே’ சேர்த்து ஓட்டினேன். பிராட்காம் பிசிஎம்43142 என்று வந்தது.

அதன் கீழேதான் ஆளைக் குழப்பும் வரி இருந்தது. பயன்பாட்டில் உள்ள டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) என்ற இடத்தில் ‘பிசிஎம்ஏ’ என்று ஒரு பெயர். டிரைவர் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு ஏன் வேலை செய்யவில்லை என்று தோன்றும். அது சிப்புக்குள் இருக்கும் பஸ்ஸை (தரவு போகும் பாதையை) மட்டும் கவனிக்கும் பகுதி. வைஃபை அதன் வேலை இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலோடு வரும் ‘பி43’ டிரைவரும் இந்த மாடலுக்கு உதவாது. இதற்கு ‘டபிள்யூஎல்’ என்ற டிரைவர்தான் வேண்டும். அதன் ஒரு பகுதிக்கு மூல நிரல் திறந்து கிடைப்பதில்லை என்பதால் அது கேர்னலுக்குள் வராது, தனிப் பொதியாகப் போட வேண்டும்.

பொதியை இறக்க இணையம் வேண்டுமே! ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைத் தட்டினேன். லினக்ஸ் அதை கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொண்டது. ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’ பொதியை டெர்மினலிலேயே போட்டேன். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது; வைத்தேன்.

லேப்டாப்பை அணைத்துப் போட்ட பிறகும் வைஃபை இல்லை. டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்த்தால், சாவி நிராகரிக்கப்பட்டது என்று பதில். இந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கும் கணினியில், நம்பத்தக்க கையொப்பம் இல்லாத டிரைவரை கேர்னல் உள்ளே விடாது. டிகேஎம்எஸ் என்ற கருவி நம் கணினியிலேயே டிரைவரைக் கட்டி, அங்கேயே உருவாக்கிய டிஜிட்டல் சாவியால் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நாம் ஒருமுறை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மறுதொடக்கத்தின்போது ஒரு நீலத்திரை வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது தானே போய்விடும். அப்படித்தான் போயிருந்தது.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயதானவர் வங்கிக் கணக்கையும் திறக்கப்போகும் கணினியில் இருக்கிற பாதுகாப்பை ஏன் கழற்ற வேண்டும்? இந்தச் சாவிகளைக் கையாளும் ‘மோக்யூட்டில்’ கருவி மூலம் சாவியை மறுபடி வரிசையில் வைத்து, புதிதாக ஒரு கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டுத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்தேன். நீலத்திரை வந்ததும் ஒரு விசை, ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, பிறகு அந்தக் கடவுச்சொல். அங்கே தமிழ் விசைப்பலகையெல்லாம் கிடையாது, அதனால் எளிய ஆங்கில எழுத்துகளில் வைப்பது நல்லது. மின்ட் திறந்ததும் மூலையில் வைஃபை அடையாளம் வந்தது, பட்டியலில் பக்கத்து வீடுகளின் இணைப்புகள் வரிசையாக நின்றன.

அத்தை வீட்டு ரவுட்டரின் இரண்டு பெயர்களில் ஒன்று மட்டுமே தெரிந்தது. இது கோளாறு இல்லை. இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் 2.4-இல் நெரிசல் அதிகம் என்றாலும் அத்தையின் தேவைக்குப் போதும். போதாவிட்டால் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு யூஎஸ்பி வைஃபை வாங்கலாம். பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தை நம்பி வாங்காமல், உள்ளே மீடியாடெக் எம்டி7612யூ அல்லது எம்டி7921யூ சிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் டிரைவர் வேலையே இல்லை; அவற்றுக்கானது கேர்னலிலேயே இருக்கிறது.

கேர்னல் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் இந்த டிரைவரைத் திரும்பக் கட்டும். அதற்கு அந்தக் கேர்னலின் ஹெடர் பொதி (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) வேண்டும். அது இருக்கிறதா என்று பார்த்து, ஒரு புதுப்பிப்பையும் என் கண் முன்னாலேயே ஓட்டி, வைஃபை திரும்ப வந்த பிறகுதான் ஈசூனிலிருந்து கிளம்பினேன்.