கூட்ஸ் வண்டியின் கடைசி ஆள்

கஞ்சிக்கோட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் ரயில் பாதை. பெரியப்பா கூட்ஸ் கார்டாக, அதாவது சரக்கு ரயிலின் வாலில் மாட்டிய பிரேக் வேன் பெட்டியில் வண்டியைக் கவனித்துக்கொண்டு வருகிறவராக, இருந்து ஓய்வு பெற்றவர். 2022-ல் கார்டு என்ற பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றியபோது, "நான் ஏறின பிரேக் வேன்ல லைட்டே கிடையாது, இதுல மேனேஜராம்" என்று சிரித்தார்.

இப்போது அந்த மேனேஜரும் வேண்டாம் என்று பேச்சு. கடைசி வேகனில் ஒரு கருவியை மாட்டிவிட்டால் போதும், பிரேக் குழாயில் காற்று எவ்வளவு, வால் கூடவே வருகிறதா என்பதெல்லாம் ரேடியோ வழியாக எஞ்சினுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் கார்டு எதற்கு என்று நானும் கேட்டேன்.

பெரியப்பா வாளையாறு காட்டில் ஒரு ராத்திரி, வேகனுக்கு வேகன் பிரேக் காற்றைக் கொண்டுபோகிற ஹோஸ் பைப் கழன்ற கதையைச் சொன்னார். காற்று போனால் பிரேக் பிடித்து வண்டி தானாக நின்றுவிடும், சரி. 58 வேகனில் எது என்று யார் பார்ப்பது? முன்னாலிருந்து அசிஸ்டென்ட் டிரைவர், பின்னாலிருந்து இவர், கையில் டார்ச், ஒவ்வொரு இணைப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டியோரம் ஜல்லியில் நடை. நடுவே ஆவி பறக்க யானை லத்தி. "நின்னு யோசிக்கக்கூட பயம்டா."

ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் ரியோ டின்டோ என்ற சுரங்கக் கம்பெனி 2018-லிருந்தே டிரைவர் இல்லாமல் இரும்புத்தாது ஏற்றிப் போகிறதே என்றால், அது அவர்களே போட்ட பாதை, ஊரும் ஆளும் குறைவு. கனடாவின் லாக் மெகான்டிக்கில் 2013-ல் ஒரே ஆள் ஓட்டி வந்து சரிவில் நிறுத்திவிட்டுப் போன எண்ணெய் வண்டி தானாக உருண்டு 47 பேர் செத்தார்கள். கை பிரேக்கைப் போதுமான அளவு இறுக்கவில்லை. இன்னொருவர் இருந்திருந்தால் இறுக்கியிருப்பாரா என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். அமெரிக்கா 2024-ல் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு பேர் கட்டாயம் என்று விதி போட்டது. அதே வருஷம் நம்ம ஜம்மு பக்கம் கதுவாவில் நிறுத்தியிருந்த கூட்ஸ், எஞ்சினில் ஆளே இல்லாமல் பஞ்சாப் வரைக்கும் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. இதைச் சொன்னால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும், "பிரேக்கைப் பூட்டாம இறங்கினா எத்தனை பேர் இருந்து என்ன?"

என் யோசனை, வேனை எடுத்துவிட்டு அந்த ஆளை எஞ்சினில் ஏற்றலாம். அதற்கும் அவர் ஒப்பவில்லை. எல்லாரும் முன்னால் உட்கார்ந்துகொண்டால், நடுக்காட்டில் நின்றுபோன வண்டிக்குப் பின்னால் வருகிற வண்டிக்காரனுக்குத் தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடி வைத்துச் சிவப்பு விளக்கு காட்ட யார் ஓடுவது என்கிறார்.